கூரையில் ஓதம், கையில் 11 லட்சக் கொட்டேஷன்

தர்மபுரியில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் பெண் பல் மருத்துவர் ஒருவரின் கடிதத்துக்கு இந்த வாரப் பதில். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கடிதத்தின் சுருக்கம் இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், முதல் மாடியில் 520 சதுர அடி வாடகை இடம். மேலே மொட்டை மாடி. சிகிச்சை அறையில் இரண்டு சேர், நடுவே ஏழடி உயர பிளைவுட் தடுப்பு. நாளொன்றுக்குச் சராசரியாக 14 பேர் வருகிறார்கள். கன்சல்டேஷன் 150 ரூபாய். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்தான் பாதிக்கு மேல். அதே சாலையில் கண்ணாடி முகப்போடு ஒரு பெரிய பல் மருத்துவமனை திறந்ததிலிருந்து புதியவர்கள் வரவு குறைந்துவிட்டது. ரூட் கேனாலுக்கு முதல் சிட்டிங் வந்தவர்களில் சிலர் இரண்டாவதற்குத் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, "டாக்டர் நல்லாப் பார்க்கறாங்க, ஆனா இடம் ஒரு மாதிரி இருக்கு, சுத்தமா இல்ல" என்று இணையத்தில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கருவிகளைச் சுத்திகரிப்பதில் ஒரு நாளும் குறை வைக்காத இவருக்கு அந்த ஒரு வரி தாங்கவில்லை. பெங்களூரு இன்டீரியர் நிறுவனம் ஒன்று ஃபால்ஸ் சீலிங், கண்ணாடித் தடுப்பு, எல்இடி ஸ்ட்ரிப், லெதர் சோபா, பிளாஸ்டிக் செடிகள், ஏசி எல்லாம் சேர்த்து 11 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. கணவர் கடன் வாங்கிச் செய்துவிடலாம் என்கிறார். மாமனாரோ, "கைராசி இருந்தா மரத்தடியில உட்கார்ந்தாலும் வருவாங்க" என்கிறார். கையிருப்பு 2 லட்சம். இவர் முக்கியமாகக் கேட்பது மூன்று: இந்தச் செலவு தேவையா? தரைத்தளத்துக்கு இடம் மாறலாமா? அந்த ரிவ்யூவை நீக்க வைக்க முடியுமா?

அன்புள்ள டாக்டர்,

உங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது; இரண்டோடும் என்னால் சேர முடியவில்லை. இடம் முக்கியமில்லை என்று மாமனார் சொல்வது தவறு. இடம் பணக்காரத்தனமாக இருந்தால் போதும் என்று கொட்டேஷன் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அந்த ரிவ்யூ எழுதியவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் சுத்தம், கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவுக்குள் இருக்கிறது. அவர் சொல்லும் சுத்தம் வாஷ்பேசின் குழாயில் இருக்கிறது. அவரால் பார்க்க முடிந்தது அது மட்டும்தான்.

பம்புசெட் மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்து வாங்கும் விவசாயிக்கு உள்ளே காயில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று தெரியாது. மெக்கானிக் கடை இருக்கும் லட்சணத்தை வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வருவார். பல் சிகிச்சையும் அந்த ரகம். ரூட் கேனாலில் கடைசி அரை மில்லிமீட்டர் வரை நிரப்பினீர்களா என்பது நோயாளிக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் தெரியப்போவதில்லை. எனவே கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் எட்டுவதை வைத்து, எட்டாததை ஊகிக்கிறார். அமெரிக்கப் பேராசிரியை மேரி ஜோ பிட்னர் 1992இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சேவைத் தொழில்களில் இடத்தின் பாதிப்பை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது: காற்று, ஒளி, ஒலி, வாசனை போன்ற சூழல், பொருட்கள் எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்ற அமைப்பு, பலகை, படம், சான்றிதழ் போன்ற அடையாளங்கள். இந்த மூன்றும் வாடிக்கையாளரை மட்டுமல்ல, அங்கே வேலை செய்பவரையும் பிடிக்கும் என்பது அவர் வற்புறுத்திய இன்னொரு விஷயம். உங்கள் ரிசப்ஷன் பெண் "எரிந்து விழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறி எட்டாத மூலையில், நெஞ்சுயரக் கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் என்றும் அதே கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்டீரியர்காரர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. இடம் தரத்தை மட்டும் பேசுவதில்லை; விலையையும் பேசும். கண்ணாடிக் கதவும் லெதர் சோபாவும் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் இளைஞருக்கு நம்பிக்கை தரலாம். பாலக்கோட்டிலிருந்து தக்காளி விற்ற காசோடு பல்வலிக்கு வந்த பெரியவருக்கு அதே கதவு, "உள்ளே போனால் எவ்வளவு கேட்பார்களோ" என்ற பயத்தைத் தரும். அவர் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் தயங்குவார். பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அந்தப் பெரிய மருத்துவமனையைப் பார்த்து நீங்களும் கண்ணாடி மாட்டினால் அவர்களிடமிருந்து ஆட்களை இழுக்க முடியாது; உங்களிடம் இருப்பவர்களைத்தான் விரட்டுவீர்கள்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 11 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 24,500 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 14 பேர் என்றால் 350 பேர். தலைக்கு 70 ரூபாய் இந்தத் தவணைக்கே போகும். கன்சல்டேஷன் 150 ரூபாய் வாங்கும் இடத்தில் இது தாங்காது. கட்டணத்தை ஏற்றுவீர்கள், அல்லது தேவையில்லாத கிரவுனுக்கு (பல்லுக்கு மாட்டும் உறை) ஆள் பிடிக்கும் நெருக்கடி வரும். அதனால் அந்தக் கொட்டேஷனை மடித்து வைத்துவிடுங்கள். 2 லட்சத்துக்குள், கீழே சொல்லும் வரிசையில், நீங்களே செய்யலாம்.

முதலில் கூரை

பல் மருத்துவமனையில் மிக அதிக நேரம் பார்க்கப்படும் இடம் கூரைதான். சேரைச் சாய்த்ததும் நோயாளிக்குத் தெரிவது விளக்கு, உங்கள் மாஸ்க், அதற்கு மேலே கூரை. ரூட் கேனால் என்றால் முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கூரையில் "ஒரு ஓரமாகக் கொஞ்சம் ஓதம்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டாவது சிட்டிங்குக்கு வராதவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அங்கே இருக்கக்கூடும். இன்றே நீங்கள் அந்த சேரில் படுத்து, விளக்கைத் திருப்பிவிட்டு, பத்து நிமிஷம் மேலே பாருங்கள். ஓதம், ஒட்டடை, மின்விசிறி இறக்கையின் ஓரத்தில் கறுத்த தூசி, விளக்குக் கையின் அடிப்பக்கத்தில் உலர்ந்த தெறிப்பு எல்லாம் தெரியும். நின்று வேலை செய்பவருக்கு இவை தெரியாது.

கொட்டேஷனில் இருக்கும் ஃபால்ஸ் சீலிங் இதற்குத் தீர்வு என்று நினைத்திருப்பீர்கள். அது ஓதத்தை மறைக்கும், நிறுத்தாது. மேலே நீர் இறங்கிக்கொண்டே இருக்க, ஜிப்சம் பலகை ஊறி, பழுப்பு வட்டம் விழுந்து, தொய்ந்து, ஒரு நாள் சேர் மேலேயே இறங்கும். சரியான வரிசை இது: முதலில் மொட்டை மாடியில் நீர் தேங்கும் இடத்தையும், மழைநீர்க் குழாய் வாயையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் பாருங்கள், கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான். விரிசலை வெட்டி நிரப்பி, தளத்தைக் கழுவிக் காயவைத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட், இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்காக. பிறகு ஒரு நாள் நீர் கட்டிச் சோதனை. கீழே ஓதம் முழுக்கக் காய்ந்த பிறகே சுரண்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே உரியும். ஐப்பசி அடைமழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

இந்தச் செலவு உங்களுடையது அல்ல. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. "11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவு வேண்டாம் என்று ஓனர் சொன்னார்" என்கிறீர்கள். அந்தப் பழைய கணக்கு இப்போது செல்லாது. 11 மாதமானாலும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பி அடுத்தவர் கட்டடத்தில் 11 லட்சத்தைப் பதிப்பது இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம். சுவரை இடிப்பது, நிரந்தரத் தடுப்பு எழுப்புவது எதுவானாலும் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முதலில் பதிவு, பிறகு பெயின்ட்.

உப்புக் கறை

தர்மபுரி போர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள ஃப்ளோரைடு பல்லில் விட்ட கறையோடுதான் உங்கள் நோயாளிகளில் பலர் வருகிறார்கள். அதே தண்ணீர் உங்கள் வாஷ்பேசினிலும், குழாய் மூக்கிலும், சேர் பக்கத்துத் துப்பும் தொட்டியிலும் வெள்ளையும் மஞ்சளுமாக உப்பு படிய வைத்திருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது உப்பு. நோயாளி கண்ணுக்கு அது முந்தைய ஆள் துப்பிப்போன அழுக்கு. அந்த ரிவ்யூவில் "சுத்தமா இல்ல" என்ற சொல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, துணியில் நனைத்துக் கறை மேல் 20 நிமிஷம் போர்த்தி, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பல வருடக் கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். மார்பிள் மேல் இதைப் போடாதீர்கள், பளபளப்பு போய்விடும். பிளீச்சிங் கரைசல் ஊற்றிய அதே நேரத்தில் அமிலத்தையும் ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய சின்ன அறையில் அது ஆபத்து. அசிஸ்டென்டுக்கு இதைச் சொல்லித் தருவதோடு நிற்காமல் இரண்டு பாட்டிலையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள். கறை போன பிறகு மறுபடி படியாதிருக்க, மாலையில் பூட்டும் முன் குழாயையும் பேசினையும் உலர் துணியால் துடைத்தால் போதும். நீர் உலரும் இடத்தில்தான் உப்பு தங்கும். துப்பும் தொட்டிக்கு, அதன் உற்பத்தியாளர் அனுமதிக்கும் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இதே பேச்சில் இன்னொன்று. வெயிட்டிங் ஹாலில் பால்வெள்ளைப் பல்லோடு சிரிக்கும் வெளிநாட்டு மாடல் படம் ஒட்டியிருக்கிறீர்கள். சிறு வயதிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்துப் பழகிய பெண் அதற்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்கிறாள். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். சொத்தைப் பல்லின் வெட்டுத் தோற்றம், வாய்ப் புற்றுநோய்ப் படங்களையும் உங்கள் மேஜைக்கு மாற்றுங்கள். விளக்கிச் சொல்லும்போது அவை பயன்படும், காத்திருக்கும்போது பயமுறுத்தும். அந்தச் சுவரில் உங்கள் பட்டம், கவுன்சில் பதிவு எண், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவிலிருந்து ஆரம்பம் என்ற கட்டணப் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். கட்டணப் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் வையுங்கள். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்பது வசதியான அளவு. விலை தெரியாத பயம்தான் பலரைப் படியிலேயே நிறுத்துகிறது. "வலியே இல்லாமல்" போன்ற வாசகங்களை வெளிப் பலகையில் எழுதச் சொல்லி ஃப்ளெக்ஸ்காரர் ஆசை காட்டுவார். பல் மருத்துவர்களுக்கான நெறிமுறை விளம்பரத்தில் கறாரானது. படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாசனை, சத்தம், ஒளி

படியேறும்போதே மூக்கில் ஏறும் கிராம்பு எண்ணெய் வாசனை உங்களுக்குப் பழகிவிட்டது. சின்ன வயதில் பல் பிடுங்கிக்கொண்டவருக்கு அந்த வாசனையே பயத்தைக் கிளப்பிவிடும். ரூம் ஃப்ரெஷ்னர் அடிப்பது நல்ல யோசனை அல்ல. மல்லிகையும் கிராம்பு எண்ணெயும் கலந்த வாசனை, எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் எழுப்பும். வாசனையைப் பிறக்கும் இடத்திலேயே பிடியுங்கள். பாட்டில் மூடி திறந்தே கிடக்கக் கூடாது. கலக்கிய கண்ணாடித் தட்டை உடனே துடைத்து, பஞ்சை மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். பல்செட் வேலைக்கான அக்ரிலிக் திரவத்தை நோயாளி இருக்கும் நேரத்தில் திறக்க வேண்டாம்.

பிறகு காற்று. உங்கள் சிகிச்சை அறை 12க்கு 16 அடி, உயரம் 10 அடி என்றால் 1,920 கன அடி, சுமார் 54 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்று இலக்கு வைத்தால் மணிக்கு 650 கன மீட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. பாத்ரூமுக்குப் போடும் சின்ன ஃபேன் இதற்குப் போதாது. அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவைப் பார்த்து வாங்குங்கள். அதைச் சிகிச்சை அறையின் வெளிச் சுவரில், கதவுக்கு எதிர்ப்பக்கம் பொருத்துங்கள். அப்போதுதான் காற்று வெயிட்டிங் ஹாலிலிருந்து உள்ளே வந்து வெளியே போகும். கதவுக்குப் பக்கத்திலேயே பொருத்தினால் அறையின் மறுகோடிக் காற்று அப்படியே தேங்கி நிற்கும். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. எனவே ஏசி போட்டாலும் சிகிச்சையின்போதும் அதன் பிறகு கால்மணி நேரமும் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

சத்தத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி கிரானைட் பக்கத்திலேயே கிடைப்பதால் நம் பக்கத்தில் தரை, படி, கவுன்டர் எல்லாம் கிரானைட். துடைக்க வசதி, ஆனால் பல்லைக் குடையும் ஏரோட்டாரின் கீச்சொலியை அப்படியே எதிரொலிக்கும். உங்கள் பிளைவுட் தடுப்பு ஏழடியோடு நிற்பதால் ஒரு சேரில் குழந்தை அழுதால் அடுத்த சேரில் இருப்பவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். அதைக் கூரை வரை மூடுங்கள். மூடியபின் இரண்டு பக்கமும் காற்று போக்குவரத்து இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டாவது எக்ஸாஸ்ட். வெயிட்டிங் ஹாலுக்குப் போகும் பிவிசி கதவை எடுத்துவிட்டுக் கனமான ஃப்ளஷ் கதவு மாட்டுங்கள். கொட்டேஷனில் சொல்லும் கண்ணாடித் தடுப்பு உங்களுக்கு நேர் எதிரி. வெளியே இருப்பவர் சேரையும் ரத்தம் துடைத்த பஞ்சையும் பார்க்க நேரும்; உள்ளே வாயைத் திறந்து படுத்திருப்பவரின் மானமும் போகும். சேரின் கருவிகளுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸரை ரப்பர் திண்டு மேல் வைத்து, நிழலும் காற்றும் உள்ள வெளிப்புறத்துக்கு நகர்த்த முடிந்தால் பாதிச் சத்தம் போன மாதிரி.

"மெதுவான இசை போட்டால் வாடிக்கையாளர் அதிக நேரம் இருப்பார்கள்" என்று இன்டீரியர்காரர் சொன்னாராம். அந்தப் பேச்சுக்கு மூலம் 1982இல் சந்தையியல் ஆய்வாளர் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வு. அது அமெரிக்க சூப்பர்மார்க்கெட் ஒன்றில் நடந்தது. மெதுவான இசைக்கு ஆட்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை கூடியது. சாமான் வாங்க வந்தவரை மெதுவாக நடக்கவைப்பது வேறு, பல்வலியோடு உட்கார்ந்திருப்பவரை அதிக நேரம் இருக்க வைப்பது வேறு. சன்னமாக எதையாவது போடுங்கள், உள்ளே நடக்கும் சத்தம் அமுங்கும். அதற்குமேல் இசையிடம் எதிர்பார்க்காதீர்கள். டிவியில் செய்திச் சேனல் வேண்டவே வேண்டாம்.

ஒளியில் ஒரு பிழை உங்கள் வேலையையே கெடுக்கிறது. சிகிச்சை அறைச் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருக்கிறீர்கள். கிரவுனுக்கோ வெனீருக்கோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) நிறம் பார்க்கும்போது அந்தப் பச்சை பல் மேல் பிரதிபலிக்கும். லேபிலிருந்து வந்த பல் பொருந்தாமல் திருப்பி அனுப்பியதாக நீங்கள் சொன்னவற்றில் ஒன்றிரண்டுக்கு இது காரணமாகலாம். வெளிர் சாம்பல் அல்லது வெண்மை அடியுங்கள். விளக்கின் ஒளி நிறத்தைக் குறிக்கும் எண் 5,500 கெல்வினுக்கு மேல், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ எண் 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருப்பதாக வாங்குங்கள். வெயிட்டிங் ஹாலுக்கு அந்த நீலம் கலந்த வெள்ளை வேண்டாம், முகமெல்லாம் வெளிறித் தெரியும்; 4,000 கெல்வின் போதும்.

காத்திருப்பும் படியும்

இதில் காசு அதிகம் ஆகாது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத தாமதம் இன்னும் நீளம். மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் இதை எழுதினார். நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அனைவரும் அறிவார்கள். டோக்கன் எண் கொடுங்கள். "உள்ளே ஒரு கஷ்டமான கேஸ், இன்னும் இருபது நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்று ரிசப்ஷன் பெண் சொல்லட்டும். முன்பதிவைக் கடிகாரப்படி வைக்காமல் பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். பென்னாகரம் பஸ் வரும் நேரத்தில் ஆறு பேர் சேர்ந்து இறங்குவார்கள், ஊர் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த சிட்டிங்குக்கு வரமாட்டார். கவுன்டரை 30 அங்குலத்துக்கு இறக்கி, ரிசப்ஷன் பெண்ணுக்கு ஒரு மின்விசிறி. நாற்காலிகள் சிகிச்சை அறைக் கதவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பட்டும். படியடியில் செருப்புக்கு மூன்றடுக்கு ஸ்டாண்ட். பெண்கள் பயன்படுத்தும்படி தாழ்ப்பாள், கொக்கி, வாளி உள்ள கழிப்பறை.

முதல் மாடிக்கு ரேம்ப் போடலாமா என்று கேட்டீர்கள். சக்கர நாற்காலிக்கான சரிவு 1க்கு 12. தளம் பத்தடி உயரத்தில் இருந்தால் 120 அடி நீள ரேம்ப் வேண்டும். உங்கள் கட்டடத்தில் நடக்காது. பதிலாக இருபுறமும் கைப்பிடி, ஒவ்வொரு படி விளிம்பிலும் நிறம் மாறிய சொரசொரப்புப் பட்டை, திருப்பத்தில் ஒரு நாற்காலி, இரவில் எரியும் விளக்கு. போனில் முன்பதிவு செய்யும்போதே "மாடி ஏற முடியுமா" என்று கேட்டுவிடுவது மரியாதை.

செய்வதைத் தெரியும்படி செய்யுங்கள்

உங்கள் சுத்திகரிப்பு எல்லாம் பின்னறையில் நடக்கிறது. நோயாளி உட்கார்ந்த பிறகு, அவர் பார்க்கும்படி, மூடிய பையைக் கிழித்துக் கருவியை எடுங்கள். பை மேல் தேதி எழுதியிருக்கட்டும். பையில் நிறம் மாறிய பட்டையைக் காட்டி, "சூட்டில் வைத்து எடுத்தது" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த நிறம் கருவி வெப்பத்துக்குள் போய் வந்ததை மட்டுமே சொல்லும், கிருமி செத்ததற்கான சான்று, வெப்பம் தாங்கும் கிருமி வித்துகளை ஆட்டோகிளேவில் வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனைதான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சோதனைப் பதிவேட்டையும் விடாமல் நடத்துங்கள். கையை அவர் முன்னால் கழுவுங்கள், கையுறையை அவர் முன்னால் மாட்டுங்கள், தலைவைக்கும் உறையை அவர் உட்காரும் முன் மாற்றுங்கள். காட்டுவது உண்மையாக இருக்க வேண்டும். பழைய கருவியைப் புதுப் பையில் போட்டுக் காட்டும் இடங்களும் உண்டு, அவர்கள் வழிக்கு நீங்கள் போகமாட்டீர்கள்.

அந்த ரிவ்யூ

நீக்க வைக்க முயலாதீர்கள். ஒருவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்காக வக்கீல் நோட்டீஸ் விட்டால் ஊர் முழுக்கத் தெரியும். கூரை வேலையும் உப்புக் கறையும் முடிந்த பிறகு, "சுட்டிக்காட்டியதற்கு நன்றி, கூரையையும் கழுவும் இடத்தையும் சரிசெய்துவிட்டோம்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர் உங்களிடம் என்ன சிகிச்சைக்கு வந்தார் என்பதைப் பதிலில் குறிப்பிடக் கூடாது. ஒருவர் உங்கள் நோயாளி என்பதே ரகசியம்தான்.

இடம் மாறுவது

இப்போது வேண்டாம். மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டு மூன்று மாதம் இரண்டு எண்களை மட்டும் குறித்து வாருங்கள்: புதிதாக வந்தவர்கள் எத்தனை, ரூட் கேனாலில் இரண்டாவது சிட்டிங்குக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரில் எத்தனை. முந்தைய மூன்று மாதத்தை உங்கள் நோட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் ஏறி முதலாவது ஏறவில்லை என்றால், உள்ளே சரியாகிவிட்டது, வெளியே தெரியவில்லை, அல்லது படிதான் தடுக்கிறது என்று பொருள். அப்போது தரைத்தளம் தேடலாம்.

தேடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவ நிறுவனப் பதிவு, மருத்துவக் கழிவு அனுமதி, எக்ஸ்ரே கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு எல்லாம் முகவரி சார்ந்தவை. மாற்றத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். சேரின் கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். பத்தடி ஓட்டத்துக்கு இரண்டரை அங்குலம். தரையைத் தோண்ட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் சிகிச்சை அறைத் தரையை உயர்த்த நேரும், வாசலில் தடுக்கி விழ ஒரு படி உருவாகும். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பிளம்பரை அழைத்துப் போய் அளந்துவிடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, போர் மட்டும்தானா என்று கேளுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். சாக்கடை எதிர்த்து வருமா, வாசலில் நீர் நிற்குமா என்பது வெயில் நாளில் தெரியாது.